வினாகிரி விடாமல் எழுதக்கூடாது

எங்கள் குசினி யன்னலில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கிறது. நிற்கிறது என்பது பிழை. அதன் அடி உருண்டை, தனியே நிற்கத் தெரியாது. பிடி உடைந்த ஒரு கோப்பைக்குள் சாய்த்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு, வினாகிரிப் போத்தல், குழாயைப் பிடிக்க உடுப்புக்கொடியிலிருந்து எடுத்த மரக் கிளிப் ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டுவிட்டு, "என்ன, மகள் விஞ்ஞானம் படிக்கிறாவோ?" என்று கேட்பார்கள். ஒருகாலம் ஓம் என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். இப்போது மாற்றுவதில்லை. "காலமையிலை தன்ரை சலத்தைக் காய்ச்சிப் பாக்கிறவள்" என்பேன். சலம் என்றால் எங்கள் பேச்சில் சிறுநீர். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைப்பார்கள். வைக்கட்டும். அந்தக் கோப்பை வேறு, இந்தக் கோப்பை வேறு என்று நான் விளக்கப்போவதில்லை.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் சொல்லவந்தது அவளுடைய பத்து வயதில் வந்த ஒரு கிழமையின் ஏழு நாளைப் பற்றி. ஆனால் கன்னத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கிழமைக்குள் போக முடியாது.

பிறந்ததிலிருந்தே மெலிந்த பிள்ளை. தகப்பன் அவளை நெத்தலி என்றுதான் கூப்பிடுவார். அரியாலையில், பரவைக்கடலின் மணம் கொல்லைக்குள் வந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. அவர் நண்டுக்கு வலை விடுகிறவர். எனக்குச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு தபால் கந்தோரில் வேலை. காலமை பஸ், பின்னேரம் பஸ், நடுவில் ஆட்களின் கடிதங்கள். ஓடிக்கொண்டிருக்கிற வீடு இது. இருந்து யோசிக்கிற கதிரை எங்களிடம் இல்லை.

ஆறரை வயதில் அவளுக்குக் கன்னம் வைத்தது. இரண்டு பக்கமும் உருண்டு, சிரித்தால் கண் இல்லாமற்போகும். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. "பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையோ" என்று ஆறு வருடமாய்க் கேட்ட சனத்துக்கு முன்னால் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் வீதியைச் சுற்றி வந்தேன். சட்டை இறுகியது, புதுச் சட்டை தைத்தேன். அவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், வந்து கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தா. "இப்பதான் பிள்ளை பிள்ளைமாதிரி இருக்கு. உவளைக் கண்ணூறு கழிக்காமல் வெளியிலை விடாதை" என்றா.

கழித்தேன். உப்பும் செத்தல்மிளகாயும் கையில் பொத்தி, முகத்தை மூன்றுதரம் சுற்றி எடுத்து அடுப்பில் போட்டேன். உப்பு வெடித்தது. அவள் இருமினாள். அன்றைக்கு அந்தச் சின்ன உடம்புக்குள் வெளியே போக வழியில்லாமல் நின்றதே உப்பும் தண்ணீரும்தான் என்பது எனக்குத் தெரியாது.

அவள் சொல்லாமல் விடவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். என்னிடம் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி இருந்தது.

"அம்மா, சலம் போனால் நுரைக்குது."

"ஆரோ சவுக்காரத்தைப் போட்டிருப்பினம்."

"காலமை சப்பாத்துக் கொள்ளுது, பின்னேரம் கொள்ளேல்லை."

"வெய்யிலுக்குச் சப்பாத்துச் சுருங்கும்."

"காலமையிலை கண் திறக்கப் பஞ்சியா இருக்கு."

"பள்ளிக்கூடத்துக்குப் போகப் பஞ்சி எண்டு சொல்லு."

ஒரு விடிகாலை அவர் கடலால் வந்து குந்தியிருந்தார். அவள் ஓடிப்போய் அவருடைய மடியில் காலை நீட்டினாள். நண்டு கடித்துத் தடித்த பெருவிரலால் அவளுடைய முழங்காலுக்குக் கீழே சும்மா அமத்தினார். விரலை எடுத்தார். பரவைக்கடல் சேற்றில் கால் வைத்து எடுத்தால் அடையாளம் அப்படியே நிற்கும், பிறகு மெல்ல மெல்லத்தான் ஊறி நிரம்பும். அவளுடைய காலில் அந்தப் பெருவிரல் அப்படி நின்றது.

"இஞ்சை பாரும்," என்றார். "எழும்புதில்லை."

மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு கடதாசியில் இரண்டு அவரை விதை கீறினார். "தேத்தண்ணி வடி தெரியுந்தானே? தேயிலை நிக்கவேணும், தேத்தண்ணி இறங்கவேணும். பிள்ளையின்ரை சிறுநீரகத்திலை வடியின்ரை கண் பெருத்திட்டுது. உடம்பிலை நிக்கவேண்டிய புரதம் சலத்தோடை போகுது. புரதம் போனால் தண்ணி ரத்தத்திலை நிக்காது, தசைக்குள்ளை இறங்கும். அதுதான் உந்த வீக்கம்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "ஒருத்தற்றை கண்ணும் படேல்லை, அம்மா. உங்கடை சமையலிலையும் பிழையில்லை. சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதான். குளிசைக்கு அடங்கும். திரும்ப வரும், திரும்ப அடங்கும். வளர வளரக் கனபேருக்கு விட்டுப்போகும். அதுவரைக்கும் நாங்கள் அதுக்கு முன்னாலை ஓடவேணும். வீங்க முன்னம் பிடிச்சால் வீட்டிலை வைச்சுப் பாக்கலாம். வீங்கின பிறகு எண்டால் ஆஸ்பத்திரி வாட்டுத்தான்."

முன்னால் ஓடுவது எப்படியென்றால், ஒவ்வொரு நாளும் காலமை முதற் சிறுநீரைச் சோதித்து, முடிவை ஒரு கொப்பியில் எழுதவேண்டும். புரதம் இல்லையென்றால் "இல்லை". இருந்தால் அளவுக்கேற்ற கூட்டற் குறி, ஒன்றிலிருந்து மூன்று வரை. அந்தக் குறியைப் பள்ளிக்கூடத்துக் கணக்கில் "சக" என்று படித்தவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் வீட்டில் அது ஒரு சக, இரண்டு சக, மூன்று சக. மூன்று காலமை தொடர்ந்து மூன்று சக வந்தால் வருத்தம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே கிளினிக்குக்குப் போன் பண்ணவேண்டும்.

முதலில் நிறம் மாறுகிற குச்சி தந்தார்கள். நனைத்துவிட்டுப் பார்த்தாற் போதும். பிறகு நாட்டில் எல்லாம் தட்டுப்பாடான காலம் வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பார்மசி பார்மசியாய் ஏறி இறங்கினாலும் குச்சி இல்லை. கிளினிக்கில் ஒரு வயதான மிஸ், தாதிகளை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவது, தன் மேசை லாச்சியிலிருந்து இந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துத் தந்தா. "குச்சி வர முந்தி நாங்கள் இப்பிடித்தான் பாத்தனாங்கள்" என்றா.

முக்கால் குழாய் சிறுநீர். சாய்த்துப் பிடித்து மேற்பாதியை மாத்திரம் விளக்கில் காட்டவேண்டும். கொதி வரும்போது மேலே வெள்ளை திரண்டால் கவனி. கீழ்ப்பாதி தெளிவாகவே நிற்கும். ஒன்றை வைத்து மற்றதைப் பார்க்கலாம். பிறகு நாலு துளி வினாகிரி, ஊறுகாய்க்கு விடுகிற அதே புளிப்புத்தான். வெள்ளை கரைந்தால் அது உடம்பிலுள்ள வேறு உப்பு, பயமில்லை. கரையாமல் நின்றால் புரதம். எவ்வளவு என்று அறிய, குழாய்க்குப் பின்னால் ஒரு பத்திரிகைத் துண்டைப் பிடி. எழுத்து வாசிக்க முடிந்தால் ஒன்று. எழுத்து இருக்கிறது, வாசிக்க முடியாது என்றால் இரண்டு. தயிர்போலத் திரண்டு எழுத்தே இல்லையென்றால் மூன்று.

அவளுடைய தகப்பன் பத்திரிகையில் கிழித்துத் தந்த துண்டு மரண அறிவித்தல். "உங்களுக்கு வேறை பக்கம் கிடைக்கேல்லையோ?" என்று பறித்து எறிந்துவிட்டு, நான் மணமகள் தேவைப் பகுதியை வெட்டி வைத்தேன். உயரமான, அரசாங்க உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்குப் பெண் தேவை. வருடக்கணக்காய் எங்கள் குசினியில் ஒவ்வொரு காலமையும் அவருக்குப் பெண் தேவைப்பட்டது. தெளிந்த நாளில் மகள் அதைப் பள்ளிக்கூடத்து இராகத்தில் முழுதாய் வாசிப்பாள். "அம்மா, இந்த அண்ணைக்கு இன்னும் கலியாணம் சரிவரேல்லை."

குளிசை முகத்தை நிலவுபோல ஆக்கும். வருத்தத்தின் வீக்கம் வேறு, இது வேறு. எங்களுக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியாது. மாலுபணிஸ் என்று பட்டம் வைத்தார்கள், பேக்கரியில் உருண்டையாய் ஊதி வருகிற மீன் பணிஸ். வீட்டுக்கு வந்து சொன்னாள். நான் அடுத்த நாளே போய் ரீச்சரோடு கதைக்கிறேன் என்று எழும்பினேன்.

"தேவையில்லை அம்மா. நான் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னனி?"

"ஓம், மாலுபணிஸ்தான். உள்ளுக்கை மீன் இருக்கு, எங்கடை அப்பா பிடிச்சது எண்டன்."

அவளுக்கு உப்புக் குறைத்த சமையல். இரண்டு சட்டி வைப்பது அவளுக்குக் கவலை தரும் என்று அவர், "நானும் அவளோடை உப்பில்லாமல் சாப்பிடுறன்" என்று சத்தியம் பண்ணினார். நாலு நாள். ஐந்தாம் நாள் கடலால் வந்து அவளைத் தூக்கியபோது அவள் மூக்கைச் சுருக்கினாள். "அப்பா, உங்கடை வாய் கருவாடு மணக்குது." வள்ளத்தில் ஒளித்து வைத்துச் சுட்டுத் தின்றிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அந்தக் காட்சியை நான் இன்னும் விற்கவில்லை. வேண்டியபோதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன்.

இனி அந்தக் கிழமை.

அவள் ஐந்தாம் வகுப்பு. குளிசை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைந்து, அதிலும் பாதியாகி, அந்த மாத முடிவில் நிற்பாட்டலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முகம் வடிந்து நெத்தலி திரும்பி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிள்ளைகளை நிறம் நிறமாய் இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டி. இரண்டு வருடம் நிழலில் கதிரை போட்டு இருத்திவைத்த பிள்ளையை இந்த முறை மஞ்சள் இல்லத்து அஞ்சல் ஓட்டத்துக்கு எடுத்திருந்தார்கள், மூன்றாம் ஆளாக. தென்னோலை ஈர்க்கை ஒரு சாணுக்கு முறித்துக் கட்டி, அதைக் கோலாக வைத்துக் கொல்லையில் ஓடிப் பழகினாள். கோலை வாங்க ஆளில்லாத நேரம் என்னிடம் நீட்டுவாள். நான் அகப்பையோடு வாங்கிக்கொண்டு கிணற்றடி வரைக்கும் ஓடுவேன். நாற்பத்தாறு வயதில்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தடிமன். மூக்கு ஒழுகியது. தடிமனோடுதான் இந்த வருத்தம் திரும்பி வரும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததை நான் பேசவில்லை.

திங்கட்கிழமை காலமை அவள் காலுறை தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நானே குழாயை எடுத்தேன். விளக்கில் காட்டினேன். கொதி வரும்போது மேலே வெள்ளை எழும்பியது. அரசாங்க உத்தியோகத்தர் மறைந்தார். உயரமும் போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறு எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. கேத்திலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் பொருக்குக் கரையும். இது எங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். அதற்கு முதல் வருடம் ஒருநாள் குழாயில் லேசாய் வெள்ளை எழும்பி, வினாகிரி விட உடனே கரைந்துபோயிற்று. மிஸ் சொன்னது மறந்து, நான் என் கேத்திலை நினைத்தேன். குழாயைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறோம், அந்தச் சுண்ணாம்புதான் இது என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் கட்டிக்கொண்டேன். கேத்தில் காய்ச்சிப் பழகிய எங்கள் ஊர்க் கையால்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும். எவ்வளவு ஆறுதலான பிழை. வெள்ளை வந்தால் தண்ணீரின் குற்றம்.

ஆகவே திங்கட்கிழமை நான் குழாயை ஒரு நிமிடம் பார்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். கொப்பியில் "இல்லை" என்று எழுதினேன்.

அவள் ஒரு காலுறையோடு குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, வெள்ளையாக் கிடக்கு."

"கிணத்துத் தண்ணிக் குழாயடி. சுண்ணாம்பு."

"வினாகிரி விட்டனீங்களோ?"

"விடத் தேவையில்லை. பாத்தாலே தெரியுது."

"வினாகிரி விடாமல் எழுதக்கூடாது."

"பஸ் போகப்போகுது. சப்பாத்தைப் போடு."

அவள் சப்பாத்தைப் போடவில்லை. வாங்குப் பலகையில் ஏறி வினாகிரிப் போத்தலை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வாய்க்குள் எண்ணினாள். குழாயைக் குலுக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை கரையவில்லை. இன்னும் திரண்டது. அடியில் தெளிவு, மேலே தயிர். இரண்டு பேருடைய மூக்கிலும் வினாகிரி மணம். அவளுடைய தடிமன் மூக்கிலும் ஏறியிருக்கவேண்டும், ஏனென்றால் கண் கலங்கியிருந்தது. அல்லது வேறு காரணம்.

பென்சிலை எடுத்தாள். என் "இல்லை"யை ஒரு கோட்டால் வெட்டினாள். அழிறப்பரால் அழிக்கவில்லை, வெட்டினாள். பக்கத்தில் மூன்று சக போட்டாள், கணக்குக் கொப்பியில் போடுகிற மாதிரி நேராக.

"மூண்டு நாள் பாக்கவேணும்" என்றாள். "ஒரு நாள் வந்தால் தடிமனுக்கும் வருமாம். மிஸ் சொன்னவ."

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் தயிர்தான். இப்போது நான் எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன், அவள் வெட்டினாளே தவிர அழிக்கவில்லையே. அன்றைக்கு நான் அவளைக் கிட்டக் கூப்பிட்டு, குரலைத் தணித்துச் சொன்னேன்: "குஞ்சு, வெள்ளிக்கிழமை ஓட்டம் முடியட்டும். சனிக்கிழமை போன் பண்ணுவம். நாலு நாளிலை என்ன வந்திடப்போகுது? கொப்பியிலை பிறகு எழுதலாம்."

நான் அவளுக்காகத்தான் கதைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அஞ்சல் ஓட்டம் என்னுடையதும்தான். நிழலில் போட்ட அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் நின்றவள் நான்.

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப என்ரை சிறுநீரகம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்குமோ? நீங்கள் அதைக் கேட்டனீங்களோ?"

"வாய் காட்டாதை."

"கொப்பி டொக்டர் வாசிக்கிறதுக்கு அம்மா. நாங்கள் விரும்பினபடி எழுதினால் அவர் என்னத்தைப் பாத்துக் குளிசை தாறது?"

எழுதினாள். மூன்று சக. பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டாள். கனநேரம் வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவு தண்ணீருக்கு அங்கே ஒரு தேவையும் இருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பத்து வயது. குளிசை திரும்ப முழுதாய்த் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். முகம் திரும்ப உருளும். மாலுபணிஸ். மாத முடிவு என்ற அந்த வாசல் இனி எவ்வளவு தள்ளிப்போகுமோ. ஓட்டம் போயிற்று. இவ்வளவும் தெரிந்துகொண்டு நேராய் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அப்படி மூன்று.

அவரிடம் சொன்னேன், நான் சொன்னதையும் சேர்த்து. அவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சிரித்தார். "என்ரை கருவாட்டைப் பிடிச்சவள். உம்மடை சுண்ணாம்பை விடுவாளோ?"

புதன்கிழமை மூன்றாம் தயிர். கந்தோருக்கு லீவு சொல்லிப் போன் பண்ணினோம். உடனே வரச் சொன்னார்கள். கிளினிக் வாங்கில் அவள் கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். டொக்டர் அவளுடைய காலை அமத்திப் பார்த்தார். விரலை எடுத்தார். குழி இல்லை. கண்மடலைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், பிறசர் எடுத்தார், நிறை பார்த்தார். கொப்பியைத் திறந்தார்.

"இதென்ன, திங்கட்கிழமை 'இல்லை' எண்டு எழுதி வெட்டிக் கிடக்கு?"

நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை வாசிக்கத் தொடங்கினேன்.

"அது அவசரத்திலை எழுதுப்பட்டது," என்றாள் மகள். "வினாகிரி விட முந்தி."

"வினாகிரி விடாமல் எழுதக்கூடாது பிள்ளை."

"ஓம் டொக்டர். நானும் அதைத்தான் சொன்னனான்."

ஆருக்குச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் ஒரு பார்வை வந்து போயிற்று. பிறகு முழுக் குளிசையை எழுதினார். "நல்ல நேரத்திலை வந்திட்டியள். ஒரு துளி வீக்கம் இல்லை. இன்னும் மூண்டு நாலு நாள் விட்டிருந்தால் பிள்ளையை வாட்டிலை போட்டிருப்பன்."

மூன்று நாலு நாள். நான் கேட்ட சனிக்கிழமை அதற்குள்தான் இருந்தது.

நான் எழும்பினேன். அவள் எழும்பவில்லை. "டொக்டர், வெள்ளிக்கிழமை எனக்கு ஓட்டம் இருந்தது."

"இருந்ததோ? ஏன், நிப்பாட்டிப்போட்டினமோ?"

"இல்லை. எனக்குத்தானே மூண்டு சக."

"சக சலத்திலைதானே கிடக்கு, காலிலை இல்லையே. வீங்கியிருந்தால் விடமாட்டன். வீக்கம் இல்லை, பிறசர் சரி, காய்ச்சல் இல்லை. ஆர் பிள்ளையை ஓடவேண்டாமெண்டது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஓடவேண்டாமென்று ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவள் அப்படி நினைத்துக்கொண்டேதான் அந்த மூன்று நாளும் உள்ளதை எழுதினாள். எழுதினால் ஓட்டம் போகும் என்று நம்பிக்கொண்டு எழுதினாள். அதை நான் எங்கே வைத்துக் கும்பிடுவது?

"ஓடலாம்," என்றார் டொக்டர். "களைச்சால் நிக்கவேணும். தடிமன்காரரோடை கிட்ட நிக்கக்கூடாது. ரீச்சருக்கு ஒரு துண்டு எழுதித் தாறன்."

வெள்ளிக்கிழமை மைதானத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று கொடிகள். ஒலிபெருக்கி கரகரத்தது. அவர் கடலுக்குக் கட்டின ஈரச் சாரத்தோடேயே மதிலோரம் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் நண்டு மணத்துக்கு ஒதுங்கி அவருக்கு நல்ல இடம் விட்டுக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கத்தால் அவளோடு சேர்ந்து நானும் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. நினைவில் உள்ளது அவளுடைய கை பின்னால் நீண்டு விரிந்து நின்றது, கோல் அதற்குள் விழுந்தது, விரல் மூடியது. பிறகு அந்த மெல்லிய கால்கள். பெருவிரற் குழி நின்ற அதே கால்கள் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போன போக்கு. இரண்டாவதாக வாங்கினாள், நீலச் சட்டை ஒன்று அவளைத் தாண்டியது, மூன்றாவதாகக் கொடுத்தாள். கோல் நழுவவில்லை.

அவர் அவளைத் தூக்கினார். "மூண்டாமிடம் எண்டால் சும்மாவோடி நெத்தலி!"

"அப்பா, மூண்டு இல்லந்தான் ஓடினது."

இதிலும் அவள் ஒன்றும் கூட்டவில்லை.

சனிக்கிழமை காலமை. முழுக் குளிசை தொடங்கி மூன்றாம் நாள். மூன்று பேரும் குசினியில். அவள் காய்ச்சினாள், நான் கிளிப்பைத் தொடவும் விடவில்லை. வெள்ளை எழும்பியது. நாலு துளி. கரையவில்லை, ஆனால் தயிராய்த் திரளவும் இல்லை, பஞ்சுபோல மிதந்தது. பத்திரிகைத் துண்டைப் பின்னால் பிடித்தாள்.

"வாசிக்கலாம்!" என்றேன். "உயரமான, அரசாங்க உத்தியோகம் பார்க்கும்... தெரியுதே, வடிவாத் தெரியுது. ஒரு சக எழுது."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு அது மனப்பாடம். நீங்கள் கண்ணாலை வாசிக்கேல்லை."

போய், அன்றைக்கு வந்த பத்திரிகையை எடுத்து வந்து, ஒரு மூலையைக் கிழித்து, நான் பார்க்க முந்தியே குழாய்க்குப் பின்னால் வைத்தாள். "இப்ப வாசியுங்கோ."

குனிந்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தேன். எழுத்துக்கள் இருந்தன. பூச்சி ஊர்கிறமாதிரி வரிவரியாய் இருந்தன. என்னவென்று தெரியவில்லை.

"ஒண்டரை போடலாமோ?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டரை எண்டு ஒண்டு இல்லை அப்பா."

இரண்டு சக எழுதினாள்.